புள்ளி வரி

வழக்குக்கு இருபத்தாறு வயது.
பெண்ணாய்ப் பிறந்திருந்தால்
இந்நேரம் கட்டிக் கொடுத்திருப்பேன்.
தேவகோட்டை சப் கோர்ட்டில் பிறந்தது,
மதுரைக் கிளையில் வளர்கிறது,
இன்னும் பேச்சு வரவில்லை.

விவரம் இவ்வளவுதான்.
பள்ளத்தூரில் எங்கள் ஊருணிக்கு மேற்கே
ஒரு வரத்துக்கால்.
வரத்துக்கால் மேல் ஒரு கல்யாண மண்டபம்.
மண்டபத்து மேல் ஒரு கொடி.
ஐந்து வருஷத்துக்கு ஒருதரம்
கொடி நிறம் மாறும்,
மண்டபம் மாறாது.

ஓட்டுக் கேட்டு வந்தவர்
"மொதக் கையெழுத்தே உங்க ஊருணிதான் செட்டியாரே" என்று
அவர் கழுத்துச் சால்வையை எனக்குப் போர்த்திவிட்டுப் போனார்.
ஜெயித்த பிறகு
மனுவோடு சால்வையையும் எடுத்துக்கொண்டு போனேன்.
உள்ளே, அவரை எதிர்த்து நின்று தோற்றவர்
கால்மேல் கால் போட்டுக்
காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்.
சர்க்கரை போதுமா என்று
கேட்டவர் ஜெயித்தவர்.

வக்கீல் அமலதாஸ் நல்ல மனுஷன்.
பீஸைக்கூடக் குறைத்துக்கொண்டார்.
ஒரு நீதிபதி மாற்றலானார்,
ஒருவர் ஓய்வு பெற்றார்,
ஒருவர் 'நீர்நிலை என்பதன் பொருள் யாது' என்று
பதினோரு பக்கம் எழுதினார்.
பதினோரு பக்கத்திலும்
ஒரு சொட்டு இல்லை.

அப்புறம் வந்தது வெளிநாட்டுக் குழு.
உலகத்து மரபையெல்லாம் காப்பாற்றுகிற சபையாம்.
கழுத்தில் அட்டை, கையில் நாடா.
வளவுத் தூண்களை அளந்தார்கள்.
நிலைக்கதவு லட்சுமியை
பலாப்பழம் பார்ப்பதுபோலத்
தட்டிப் பார்த்தார்கள்.
ஊருணிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன்.
தங்களுக்குள் என்னவோ பேசிக்கொண்டார்கள்.
"இது எங்க வரம்புக்குள்ள வராதுன்னு சொல்றாங்க" என்றாள்
கூட வந்த பெண்.
எட்டு மாசம் கழித்து அறிக்கை வந்தது.
என் வீடு அபாயத்தில் இருக்கிறதாம்.
ஓடு மாற்றக் கூடாதாம்.
ஒழுகினால்? அதற்கொரு படிவம்.
உரிமையாளர்: மறைந்த நாச்சியப்பன்.
திருத்தச் சொல்லிக் கடிதம் போட்டேன்.
உயிரோடு இருப்பதற்குச்
சான்று கேட்டிருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் நடுவில்
வருஷம் தவறாமல் நகரக் கோவிலில்
புள்ளி வரி கட்டுகிறேன்.
கணக்கெழுதும் சுப்புரத்தினம்
கண்ணாடியை வேட்டியில் துடைத்து,
பேரேட்டில் விரல் ஓட்டி,
என் பெயரைப் பிடித்து,
ரசீது கிழிக்க நாலு நிமிஷம்.
பிசகாய் எழுதினால்
சாயங்காலமே அவர் வாசலில் நிற்பேன்.
அது அவருக்கும் தெரியும்.
அதிகாரம் என்றால்
கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்க வேண்டும்.
மற்றதெல்லாம் எனக்குத் தபால்.
பழைய பஞ்சாங்கம் என்கிறான் மகன்,
சிங்கப்பூரிலிருந்து.
சொல்லிக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும்
அவனிடம் சொன்னதில்லை.

என் தம்பி சேவுகன்
திருச்சியில் ஒரு நர்ஸைக் கட்டிக்கொண்டு வந்தான்.
வேறு சாதி.
புள்ளி வரியைக் கையில் மடித்து வைத்தபடி
கோவில் கல்தரையில் நின்றான்.
பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.
பேரேடு மூடிக்கொண்டது.
அதற்கும் நாலு நிமிஷம்தான்.
வாய்தா இல்லை.
அப்பீல் இல்லை.
நான் அங்கேதான் இருந்தேன்.
மூன்றாவது தூண்.
என் ரசீதை
மடித்துக்கொண்டிருந்தேன்.

ஊருணி வழக்கில்
இரண்டாவது வாதி அவன்.
கேட்காமலேயே பாதிச் செலவு அனுப்புகிறான்.
பிராது மனுவின் முதல் பக்கத்தில்
என் பெயர், அதன் கீழே அவன் பெயர்,
இரண்டும் பிழையில்லாமல்.
வேறெந்தக் காகிதத்திலும் நாங்கள்
அப்படிச் சேர்ந்து நின்றதில்லை.

பதினேழாம் தேதி வாய்தா.
பெஞ்ச் கூடாது என்கிறார் அமலதாஸ்.
இருந்தாலும் முதல் பஸ்ஸில் போவேன்.
கோர்ட் கேன்டீனில் அவன்
எனக்கும் சேர்த்து வடை சொல்லியிருப்பான்.
மழை உண்டா என்று கேட்பேன்.
திருச்சியில் பெய்தது என்பான்.